வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் மருத்துவ ஆலோசனை: விமான நிலையம் கேட்கும் ஊசியும் உடலுக்குத் தேவையான ஊசியும்

2023 ஏப்ரல் நடுவில் சூடானில் மோதல் வெடித்தது. அங்கு சிக்கியிருந்த இந்தியர்களை மத்திய அரசு ‘ஆபரேஷன் காவேரி’ என்ற பெயரில் கப்பலிலும் விமானத்திலுமாக மீட்டு வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். தாய்நாட்டு மண்ணில் இறங்கிய நிம்மதியோடு வீட்டுக்குப் புறப்படக் காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினர் விமான நிலையத்திலேயே நிறுத்தப்பட்டுத் தனிமைப்படுத்தும் இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஏப்ரல் 29ஆம் நாள் நிலவரப்படி வந்திறங்கிய 1,191 பேரில் 117 பேர் அவ்வாறு தனிமைப்படுத்தப்பட்டிருப்பதாக மத்திய சுகாதார அமைச்சகம் தெரிவித்தது. காரணம் ஒன்றே: அவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்கவில்லை.

போரிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களிடம் ஊசிச் சான்றிதழைக் கேட்பது இரக்கமற்ற செயல் என்று அப்போது பலரும் வருந்தினர். அந்த வருத்தம் இயல்பானதே. ஆயினும் அந்த விதி யாரைக் காப்பதற்காக இருக்கிறது என்பதை அறிந்துகொண்டால், வெளிநாட்டுப் பயணம் தொடர்பான மருத்துவ விதிகளில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதியை எந்த விமான நிலையமும் நம்மிடம் கேட்பதில்லை. நோயில் விழுபவர்கள் பெரும்பாலும் அந்தப் பாதியில்தான் தவறுகிறார்கள்.

மூலக்குளம், வில்லியனூர், பாகூர் பகுதிகளில் வெளிநாட்டில் உறவினர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. பிரான்சிலும் ரெயூனியன் தீவிலும் குடியேறிய குடும்பங்கள், வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர், ஆப்பிரிக்க நாடுகளில் ஒப்பந்த வேலைக்குச் சென்றோர், கப்பல் பணியாளர், சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்வருவோர் எனப் பல வகையினர் உள்ளனர். ஆனால் புறநோயாளிகள் பிரிவில் எங்களைப் பார்க்க வருகிறவர்கள் பயணத்தைப் பற்றிச் சொல்வது கடைசியாகத்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து முடித்து, மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போது, “நாளன்னைக்கு ஃப்ளைட் டாக்டர், மூணு மாசத்துக்கு மாத்திரை சேர்த்து எழுதிக் கொடுங்க” என்பார்கள். விசா, பயணச்சீட்டு, பெட்டியின் எடை என எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் திட்டமிட்டவர்கள் உடலுக்கு ஒதுக்கியது இரண்டே நாட்கள்.

சூடானிலிருந்து வந்தவர்கள் நிறுத்தப்பட்டது ஏன்?

மஞ்சள் காய்ச்சல் ஒரு வைரஸ் நோய். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள வெப்பமண்டல நாடுகளில் காணப்படுகிறது. இந்நோயை நேரடியாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. கடுமையாகப் பாதிக்கப்படுவோரில் பலர் இறந்துவிடுகின்றனர். இந்தியாவில் இந்நோய் இதுவரை பதிவானதில்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டை கொசு இங்கே தாராளமாக இருக்கிறது. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும், பூந்தொட்டியின் அடித்தட்டிலும், கொல்லையில் கிடக்கும் தேங்காய் மட்டையிலும் முட்டையிட்டு டெங்குவைப் பரப்பும் அதே கொசுதான். அதாவது விறகு அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, தீப்பொறி மட்டும் இல்லை. அந்தப் பொறி ஒரு பயணியின் ரத்தத்தில் வந்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்தியா இவ்விதியில் சற்றும் தளர்வு காட்டுவதில்லை. நோய் உள்ள நாட்டிலிருந்து புறப்பட்டு 6 நாட்களுக்குள் செல்லத்தக்க சான்றிதழ் இல்லாமல் இங்கு வருவோரை, நோயின் அரும்புக் காலம் முடியும்வரை, அதாவது 6 நாட்கள் வரை, தனிமைப்படுத்த அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. இந்தியக் குடிமக்களுக்கும் இது பொருந்தும். அத்தகைய நாட்டின் வழியாக விமானம் மாறி வந்தவர்களிடமும் சான்றிதழ் கேட்கப்படும். மாறும் நேரம் முழுவதும் விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே இருந்தவர்களுக்கு மட்டும் சுகாதார அதிகாரி விலக்கு அளிக்கலாம்.

கென்யா, உகாண்டா, நைஜீரியா, கானா, எத்தியோப்பியா, காங்கோ, பிரேசில் போன்ற நாடுகளுக்குச் செல்வோர் இங்கிருந்து புறப்படும் முன்பே இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தவணை போதும். ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும். பயணத்துக்கு நான்கு நாள் முன்பு போட்ட ஊசி, எல்லையைப் பொறுத்தவரை போடாத ஊசிக்குச் சமம். முன்பு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை 11 முதல் சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகளின்படி அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். பழைய சான்றிதழ்களுக்கும் இது பொருந்தும். எனவே 2010இல் போட்டுக்கொண்ட மஞ்சள் நிறப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

இந்த ஊசி எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடப்பட்டு, அவற்றின் முத்திரையோடு சான்றிதழ் தரப்படும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் நெடுங்காலமாக அறியப்பட்ட மையங்கள். மையங்களின் பட்டியல் அவ்வப்போது விரிவடைகிறது. அமைச்சகத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு குப்பியைத் திறந்தால் பல பேருக்குப் போட வேண்டும், சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தியும் விட வேண்டும். ஆகவே மையங்கள் குறிப்பிட்ட நாட்களில் முன்பதிவு செய்தவர்களை மட்டுமே அழைப்பது வழக்கம். இங்கிருந்து 150 கிலோமீட்டர் பயணம் செய்து, கடவுச்சீட்டை வீட்டில் மறந்துவிட்டுத் திரும்பியவர்களை அறிவேன். அசல் கடவுச்சீட்டு இல்லாமல் ஊசி போட மாட்டார்கள். ஊசியே போடாமல் சான்றிதழ் மட்டும் வாங்கித் தருவதாகக் கூறும் தரகர்களும் உண்டு. பிடிபட்டால் சட்டச் சிக்கல்; பிடிபடாவிட்டால் பாதுகாப்பில்லாத உடலோடு நோய் உள்ள நாட்டில் வாழ வேண்டியிருக்கும்.

பெயரால் வரும் குழப்பம்

“மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்றா?” என்று கேட்டால், “அது காலேஜ்லயே மூணு தவணை போட்டாச்சு” என்று நம்பிக்கையோடு விடை வரும். அவர்கள் போட்டது ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி. நம் ஊரில் அதற்கு ‘மஞ்சள் காமாலை ஊசி’ என்று பெயர். மஞ்சள் காமாலையும் மஞ்சள் காய்ச்சலும் வெவ்வேறு. காமாலை என்பது கண்ணும் தோலும் மஞ்சளாகும் அறிகுறி. அதற்குப் பல காரணங்கள் உண்டு. மஞ்சள் காய்ச்சல் குறிப்பிட்ட ஒரு வைரஸால் வரும் தனி நோய். முற்றிய நிலையில் அதிலும் கண் மஞ்சளாவதால் அப்பெயர் வந்தது. போதாக்குறைக்கு, தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ்-ஏ நோய்க்கான ஊசியையும் சிலர் ‘மஞ்சள் காமாலை ஊசி’ என்றே அழைக்கின்றனர். ஆக மூன்று ஊசிகளுக்கு ஏறத்தாழ ஒரே பெயர். கீழாநெல்லி இருக்கும்போது ஊசி எதற்கு என்று கேட்ட பெரியவரும் இந்தக் குழப்பத்தில் சிக்கியவர்தான்.

இதே போன்ற சிக்கல் ‘மூளைக்காய்ச்சல் ஊசி’யிலும் இருக்கிறது. கடலூர், விழுப்புரம் போன்ற மாவட்டங்களில் குழந்தைகளுக்குப் போடப்படும் மூளைக்காய்ச்சல் ஊசி, வயல்வெளிக் கொசுக்களால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது. ஹஜ் பயணிகளிடமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களிடமும் கேட்கப்படுவது மெனிஞ்சோகாக்கல் தடுப்பூசி. அது மனிதரிடமிருந்து மனிதருக்கு மூச்சுக்காற்று, எச்சில் வழியாகப் பரவும் பாக்டீரியாவுக்கு எதிரானது. ஒன்றைப் போட்டவருக்கு மற்றதிலிருந்து எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

ஆகவே மருந்தகத்திலோ மருத்துவரிடமோ கேட்கும்போது தமிழ்ப் பெயரோடு நிறுத்திவிடாமல், விசா ஆவணத்தில் அல்லது கல்லூரிக் கடிதத்தில் அச்சாகியிருக்கும் பெயரை அப்படியே காட்டுங்கள். கடிதத்தையே கொண்டுவந்துவிடுவது இன்னும் நல்லது.

பிரான்சுக்கும் ரெயூனியனுக்கும் செல்லும் குடும்பங்கள்

1962இல் புதுச்சேரியின் சட்டப்பூர்வ இணைப்பை ஒட்டிப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள் இப்பகுதியில் கணிசமாக உள்ளன. மகள் அங்கே, தாய் இங்கே. பிரசவத்துக்கும் பேரப்பிள்ளை வளர்ப்புக்கும் போய்வருவது வழக்கமாகிவிட்டது. பிரான்ஸ் வளர்ந்த நாடு, அங்கே என்ன நோய் இருக்கப்போகிறது என்ற எண்ணமும் அவ்வழியே வேரூன்றியுள்ளது.

ரெயூனியன் தீவில் 2025இல் நடந்ததைப் பாருங்கள். சிக்குன்குனியா அத்தீவில் பெருவீச்சில் பரவி, 50,000க்கும் அதிகமானோருக்கு நோய் உறுதி செய்யப்பட்டது. முதியோர் உள்ளிட்ட பலர் உயிரிழந்தனர். 2005-06இலும் அத்தீவில் மூன்றில் ஒரு பங்கு மக்களை இந்நோய் தாக்கியது. அதே காலத்தில் அது தென்னிந்தியாவுக்கும் வந்தது. 2006இல் வீட்டுக்கு வீடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை நம் ஊரில் நடுவயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025இல் பிரான்சின் பெருநிலப்பகுதியிலேயே, வெளிநாடு செல்லாத 700க்கும் மேற்பட்டோர் உள்ளூர்க் கொசுக்கடியால் இந்நோய்க்கு ஆளாயினர். நோய் ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்கு மட்டுமே பயணம் செய்யும் என்ற நினைப்பை இனி விட்டுவிட வேண்டும்.

சிக்குன்குனியாவுக்குத் தடுப்பூசி இல்லையா என்று கேட்கலாம். ரெயூனியனில் 2025 ஏப்ரல் தொடக்கத்தில் முதியோருக்கு அத்தகைய தடுப்பூசி போடத் தொடங்கினர். வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்ட அந்த ஊசிக்குப் பின் சிலருக்குக் கடுமையான விளைவுகள் ஏற்பட்டதால், அம்மாத இறுதியிலேயே 65 வயதுக்கு மேற்பட்டோருக்குப் போடுவது நிறுத்தப்பட்டது. தடுப்பூசிமீது அவநம்பிக்கை கொள்ளச் செய்வதற்காக இதைக் கூறவில்லை. கண்காணிப்பு முறை செயல்பட்டதால்தான் ஆபத்து மூன்றே வாரங்களில் தெரிந்தது. எந்த ஊசி யாருக்கு ஏற்றது என்பதை வயதும் உடல்நிலையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அண்மையில் இல்லை. அங்கே செல்லும் நம் முதியோர் நம்ப வேண்டியது கொசு விரட்டிப் பூச்சு, முழுக்கை ஆடை, பகலிலும் கொசுவலை ஆகியவற்றைத்தான். இந்தக் கொசு பகலில் கடிப்பது. நிறைமாதக் கர்ப்பிணிக்கு இந்நோய் வந்தால் பிரசவத்தின்போது குழந்தைக்கும் தொற்றக்கூடும் என்பது 2005-06 ரெயூனியன் பரவலில் மருத்துவர்கள் கண்டது. ஆகவே பிரசவம் பார்க்கச் செல்லும் தாய் தன்னைக் காத்துக்கொள்வதோடு மகளையும் நினைவில் கொள்ள வேண்டும்.

குழந்தைகளோடு பிரான்சில் குடியேறுவோருக்கு இன்னொரு செய்தி. 2018 சனவரி 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அங்கே 11 நோய்களுக்கான தடுப்பூசிகள் கட்டாயம். காப்பகத்திலும் பள்ளியிலும் சேர்க்க அட்டையைக் காட்ட வேண்டும். நம் அரசுத் திட்டத்தில் இலவசமாகப் போடப்படும் பென்டாவேலன்ட், போலியோ, நிமோகாக்கல், தட்டம்மை-ரூபெல்லா ஊசிகளே இவற்றில் பெரும்பகுதியை நிறைவு செய்துவிடும். எஞ்சுவன இரண்டு. ஒன்று பொன்னுக்கு வீங்கி, நம் எம்.ஆர். ஊசியில் அது இல்லை, எம்.எம்.ஆர். ஊசியில்தான் உண்டு. மற்றொன்று மெனிஞ்சோகாக்கல், 2025 சனவரி முதல் கைக்குழந்தைகளுக்கு அதில் ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய வகைகளோடு பி வகையும் கட்டாயமாகியுள்ளது. எங்கள் அனுபவத்தில் பெரிய தடையாக இருப்பது ஊசி அல்ல, அட்டைதான். தண்ணீர் பட்டு மை கலைந்த அட்டை, தேதி இல்லாத அட்டை, “எல்லாம் போட்டாச்சு” என்ற வாய்மொழி ஆகியவற்றை வெளிநாட்டில் யாரும் ஏற்கமாட்டார்கள். எல்லா ஊசிகளையும் முதலிலிருந்து தொடங்கச் சொல்லக்கூடும். புறப்படும் முன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அட்டையைக் காட்டி, பதிவேட்டில் உள்ள தேதிகளோடு ஒப்பிட்டு, ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

வளைகுடா வேலை, புனிதப் பயணம்

வளைகுடா நாடுகளில் வேலைக்குச் செல்வோர் விசாவுக்காக மருத்துவப் பரிசோதனை செய்துகொள்கின்றனர். ஊரில் இன்றும் ‘காம்கா’ என்றே அழைக்கப்படும் அதன் இப்போதைய பெயர் ‘வாஃபிட்’. எக்ஸ்ரே, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சோதனைகள் நடக்கும். தகுதி என்று முத்திரை விழுந்ததும் உடல் பயணத்துக்குத் தயார் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அப்பரிசோதனை, வேலைக்கு எடுக்கும் நாடு தன் மக்களைக் காத்துக்கொள்வதற்கானது. உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் உங்கள் சிறுநீரகம் தாங்குமா, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்றெல்லாம் அது கேட்காது. எப்போதோ காசநோய் வந்து முழுமையாகக் குணமானவரின் நுரையீரல் தழும்புகூட ‘தகுதியின்மை’ ஆகிவிடலாம் என்பது வேதனையானது. அத்தகையோர் பழைய சிகிச்சைப் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தகுதி கிடைக்காது என்ற அச்சத்தில் இருமலை மறைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது அவருக்கும் வீட்டிலுள்ள குழந்தைக்கும் தீங்கு.

சுல்தான்பேட்டை போன்ற பகுதிகளிலிருந்து ஹஜ் செல்வோருக்கு மெனிஞ்சோகாக்கல் ஊசி கட்டாயம். சவூதி அரேபியா சென்றடைவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜை ஒட்டிப் பயணிகளிடமும், திரும்பிச் சென்றபின் அவர்களது குடும்பத்தாரிடமும், 400க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் ஏற்பட்டது. உம்ரா செல்வோர் இதை ஹஜ்ஜுக்கு மட்டுமான விதியாகக் கருதி விட்டுவிடுகின்றனர். 2024இல் உம்ரா சென்று திரும்பிய அமெரிக்க, பிரிட்டன், பிரான்ஸ் பயணிகளிடமும் அவர்களோடு பழகியோரிடமும் 12 பேருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது; அவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள்.

ஆனால் அதே 2024இல் ஹஜ்ஜின்போது 1,300க்கும் அதிகமானோர் உயிரிழந்தது எந்தத் தொற்றாலும் அல்ல, பெரும்பாலும் வெப்பத்தால். மக்காவில் 51.8 டிகிரி செல்சியஸ் பதிவாகியது. அந்த ஹஜ்ஜில் 98 இந்தியர்கள் இறந்ததாக வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. நாள்பட்ட நோயும் முதுமையும் அவற்றுக்கான காரணங்களுள் சேர்த்துக் கூறப்பட்டன. இதற்கு ஊசி கிடையாது. ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் அதிகம் பிரியச் செய்யும் மாத்திரை எடுப்பவர், இதய நோயாளி, சர்க்கரை நோயாளி ஆகியோருக்கு அந்த வெயிலில் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதைப் புறப்படும் முன் மருத்துவரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். முகாமில் தலைசுற்றி விழுந்தபின் தீர்மானிக்க இயலாது.

நோயுள்ளவர் பயணம் செய்யும்போது

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மையாரை அவருடைய மகன் அழைத்து வந்தார். வயது அறுபத்து நான்கு. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர். நைரோபியில் இருக்கும் மகளுக்குப் பிரசவம்; பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. மகன் கேட்டது ஒன்றே: மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுவது? நான் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது: போடலாமா?

மஞ்சள் காய்ச்சல் ஊசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். நோய் எதிர்ப்புத் திறனைக் குறைக்கும் மருந்து எடுப்போர், புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளோர், எதிர்ப்புத் திறன் மிகக் குறைந்த எச்.ஐ.வி. பாதிப்புடையோர், தைமஸ் சுரப்பி நோயுடையோர், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உடையோர் ஆகியோருக்கு அது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. 60 வயதைத் தாண்டியவருக்கு முதன்முறையாகப் போடும்போது அரிய ஆனால் கடுமையான பக்க விளைவுகளின் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் தனியே எடைபோட்டுப் பார்க்க வேண்டும். ஒன்பது மாதத்துக்குக் குறைவான குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடுவதில்லை. இத்தகையோருக்கு, ஊசி போட இயலாமைக்கான மருத்துவ விலக்கைச் சர்வதேசச் சான்றிதழிலேயே பதிவு செய்யலாம். அதை ஏற்பதா, திரும்பும்போது தனிமைப்படுத்துவதா என்பது அந்தந்த நாட்டு அதிகாரிகளின் முடிவு. மேலும், விலக்குக் கடிதம் நோயைத் தடுக்காது.

அந்த அம்மையாரை மூட்டு நோய் வல்லுநரிடம் அனுப்பினோம். இறுதியில் பயணத்தைத் தள்ளிவைத்து, மருமகனின் தாயார் செல்வதாகக் குடும்பம் முடிவெடுத்தது. மகனுக்குப் பயணச்சீட்டுப் பணம் போன வருத்தம் இருந்தது. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் அந்தப் பணமும் மிஞ்சியிருக்கும். மாத்திரைப் பட்டியலைக் காட்டாமல் நேரே மையத்துக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நான் அவரிடம் விரிவாகச் சொல்லவில்லை.

பராமரிப்பாளர்கள் மருந்து எடுத்துச் செல்வதிலும் கவனம் செலுத்த வேண்டும். மாத்திரைகளைப் பட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துச் செல்வது நம் பழக்கம். சுங்க அதிகாரிக்கு அது பெயர் தெரியாத பொடி. மூலப்பெயர் எழுதிய மருத்துவச் சீட்டோடு, வாங்கிய உறையிலேயே கொண்டுசெல்லுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைக்கக்கூடாது, உறைந்து வீணாகும், கைப்பையில் இருக்கட்டும். வலிக்குக் கொடுக்கும் டிரமடால், நரம்பு வலிக்கான பிரிகாபலின், தூக்கத்துக்கான அல்பிரசோலம் போன்றவை இங்கே சீட்டு காட்டினால் கிடைப்பவை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுசென்றால் சிறைவரை போகலாம். மருந்தோடு சேர்த்து ஒன்று: அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கக்கூடாது. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும்.

எப்போது, யாரிடம்?

பயணத்துக்கு ஆறு வாரங்களுக்கு முன் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பாருங்கள். எல்லா ஊசியும் அங்கே இராது. ஆனால் எந்த நாடு, எந்தப் பருவம், எத்தனை நாள், நகரமா கிராமமா, உடலில் என்ன நோய், இதுவரை என்னென்ன ஊசி என்பவற்றைக் கேட்டு, தேவையானதைப் பிரித்துச் சொல்வதும் உரிய மருத்துவமனைக்கு அனுப்புவதும் அங்கேயே முடியும். ஆறு வாரம் என்பது மனம்போன போக்கில் சொன்ன கணக்கல்ல. சில ஊசிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தவணை தேவை. உயிருள்ள வைரஸ் ஊசிகள் இரண்டை ஒரே நாளில் போடாவிட்டால் நான்கு வார இடைவெளி விட வேண்டும். போலியோ பரவல் உள்ள நாடுகளுக்குச் செல்வோர் குறைந்தது நான்கு வாரம் முன்பே சொட்டு மருந்து எடுத்துச் சான்று பெற வேண்டும். தாமதமாகிவிட்டாலும் வாருங்கள், இரண்டே நாள் இருந்தாலும் செய்யக்கூடியவை உண்டு.

ஆப்பிரிக்காவுக்குச் செல்வோர் மலேரியாவையும் கேட்டறிய வேண்டும். அதற்கு நம் ஊரில் பயணிகளுக்கான ஊசி இல்லை. தடுப்பு மாத்திரைகள் உண்டு. டாக்சிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மெஃப்ளோகுயின் மனநலச் சிகிச்சையில் உள்ளோருக்கு ஆகாது. இவ்விரண்டையும் ஊர் திரும்பிய பின்னும் நான்கு வாரம் தொடர வேண்டும். வீடு வந்து சேர்ந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதே நாங்கள் அதிகம் காணும் தவறு.

திரும்பி வந்த பின் காய்ச்சல் வந்தால்

ஃபால்சிபாரம் வகை மலேரியா சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. நம் பகுதியில் மலேரியா மிகவும் குறைந்துவிட்டதால், காய்ச்சல் என்றதும் டெங்கு, டைஃபாய்டு என்றே முதலில் நினைக்கிறோம். மருத்துவர்களாகிய நாங்களும் அதற்கு விலக்கல்ல. நோயாளி தானாகச் சொல்லாவிட்டால் அவர் மூன்று வாரம் முன்பு உகாண்டாவில் இருந்தார் என்பது எங்களுக்குத் தெரிய வழியில்லை. ஆகவே மலேரியா உள்ள நாட்டிலிருந்து திரும்பி ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே, “வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறேன், இந்த நாடு, இந்தத் தேதி” என்று சொல்லுங்கள். நோயாளி பேச இயலாத நிலையில் இருந்தால் உடன் வந்தவர் சொல்ல வேண்டும். மலேரியா ரத்தப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். காய்ச்சல் மாத்திரை வாங்கி இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திராமல் அன்றே செய்துகொள்ளுங்கள். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாமல் காய்ச்சல் நீடித்தால், மறுநாள் மீண்டும் ரத்தம் கொடுக்கத் தயங்க வேண்டாம்.